பதினாறு சானலும் ஒரு நாற்காலியும்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், எனக்கு ஒரு பிராஜெக்ட் சென்டர் இருக்கிறது. பிராஜெக்ட் சென்டர் என்றால் என்னவென்று தெரியாத பெற்றோர் புண்ணியம் செய்தவர்கள். இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் பிள்ளைகள் தாங்களே யோசித்து, தாங்களே செய்து காட்ட வேண்டிய மிஷினை நாங்கள் யோசித்து, நாங்கள் செய்து, அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்து, வாத்தியார் கேள்வி கேட்டால் என்ன உளற வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புகிற இடம் அது. போன வருஷம் ஒருத்தனுக்கு ரோபோ கை செய்து கொடுத்து, அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சூப்பர் மேடம், இதுல எது மோட்டார்?" என்று கேட்டான். அவனுக்குத்தான் அந்த வருஷம் காலேஜில் முதல் பரிசு. எனக்கு வயிறு எரியவில்லை என்றால் அது பொய்.

கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அது துணி மூட்டைகளுக்கு. மனுஷர்கள் படியேற வேண்டும். தினமும் மத்தியானம் அந்தப் படிகளைப் பிடித்துப் பிடித்து ஏறி என்னிடம் வருகிறவர் ஒருத்தர் உண்டு. கீழே கடை வாசலில் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் சந்தனக் கிண்ணத்தோடு "வணக்கம், வாங்க வாங்க" என்று நிற்கிற அக்கா. ஷட்டர் ஏறுவதிலிருந்து இறங்குவது வரை நிற்பதுதான் அவர் வேலை. அவர் மூன்று மாடி ஏறி வருவது என் முகத்தைப் பார்ப்பதற்காக இல்லை. சாப்பிடுகிற அந்த நேரமாவது உட்காருவதற்கு. உட்கார்ந்து, என் மோட்டார் டப்பாக்கள் வந்த அட்டைப்பெட்டி மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொள்வார். செருப்பு வார் பதிந்த இடம் மட்டும் பள்ளமாக, மற்ற இடமெல்லாம் உப்பிக் கிடக்கும். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் பின்னிக்கொண்டு இருக்கும்.

"இன்னா கண்ணு, காலா இது? வீங்கினு போய் பூரி கணக்கா கீது" என்பார். "எனுக்கு துட்டு ஏத்திக் குடுன்னு கேக்கல. மொதலாளி ஒரு ஓரமா குந்தவச்சார்னா போதும்."

குந்த வைக்கச் சொல்லி சட்டமே வந்திருக்கிறது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. சட்டம் வந்ததும் எங்கள் ஜவுளிக்கடை அண்ணாச்சியும் ஒரு நாற்காலி வாங்கி வாசலில் போட்டார். மெத்தை வைத்த நல்ல நாற்காலி. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "உக்காரட்டும், யாரு வேண்டாம்னு சொன்னா? கஸ்டமர் வந்தா மட்டும் எந்திரிச்சு நிக்கணும். உக்காந்துக்கிட்டு வணக்கம் சொன்னா அவுகளுக்கு மரியாத கொறஞ்சு போவும்லா" என்றார். தி.நகரில் கஸ்டமர் வராத நிமிஷம் எது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தக் கதை. கடைசியில் அந்த நாற்காலி, மனைவி உள்ளே புடவை எடுத்து முடிக்கும் வரை காத்திருக்கிற கணவர்களுக்குப் போயிற்று. ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தர் உட்காருவார். பக்கத்திலேயே அக்கா நின்றுகொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போது, ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால், அண்ணாச்சியே மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி என்னிடம் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். பேச்சு இன்னும் அந்த ஊர்ப் பேச்சுதான்.

"எம்மா, எதுத்தாப்ல யானை வச்சிட்டான், பாத்தியா?"

பார்த்தேன். எதிர்க்கடை வாசலில் ஒரு ஃபைபர் யானை தும்பிக்கையைத் தூக்கி வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது. பாதிப் பன்னீர் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. ஆனாலும் ஜனம் வரிசையில் நின்று நனைந்தது.

"நாம ஒரு பொம்பள பொம்ம வச்சிருவோம். பட்டுச்சேல கட்டி. கை கூப்பணும், தல சாய்க்கணும், கண்ணடிக்கணும்." உடனே அவரே பயந்துபோய், "கண்ணடிக்கப்புடாது, கண்ணச் சிமிட்டணும். ரெண்டு கண்ணையும் சேத்து" என்றார்.

"செய்யலாம் அண்ணாச்சி. அப்ப வாசல்ல நிக்கிற அக்கா?"

"அவ எங்க போவா? சந்தனம் குடுக்க மனுச கை வேணும்லா. பொம்ம நின்னு வணக்கம் சொல்லட்டும், அவ நாற்காலில உக்காந்து கிண்ணத்த நீட்டட்டும். அவ காலு வீங்கிக் கெடக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அண்ணாச்சி மேல் மரியாதை பொங்கிக்கொண்டு வந்தது. வேறு வேலையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். மத்தியானம் அக்கா வந்ததும் சொன்னேன். கையில் சோற்றுப் பருக்கையோடு அப்படியே என்னைப் பார்த்தார்.

"மெய்யாலுமா? குந்திக்கினே நீட்லாமா?"

"அவர் வாயாலயே சொன்னாரு அக்கா."

"பொம்ம வந்தப்புறம் நீ இன்னாத்துக்குன்னு வூட்டுக்கு அனுப்பிட்டார்னா?"

அதையும் கேட்டுவிட்டேன், அப்படி இல்லை என்றார் என்று சொன்னேன். அக்கா கையிலிருந்த பருக்கையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்டின்னா சட்னு செய்" என்றார்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சர்வோ என்பது ஒரு குட்டி மோட்டார். சும்மா கரகரவென்று சுற்றாது. இந்தக் கோணத்துக்குப் போ என்றால் போய், அங்கேயே நிற்கும். என் வீட்டில் அப்படி ஒருத்தரும் கிடையாது. பொம்மையின் தோளில், முழங்கையில், மணிக்கட்டில், கழுத்தில், இமையில் என்று இடத்துக்கு ஒன்று வைக்க வேண்டும். இத்தனை மோட்டாரையும் எல்இடி விளக்குகளையும் ஒரு மூளைப் போர்டு தனியாகச் சமாளிக்காது. அதற்கு மேலே சவாரி செய்கிற மாதிரி இன்னொரு போர்டு வரும். மாடி கட்டுவது போல மேலே பொருத்திவிடலாம். அதில் பதினாறு சானல், அதாவது பதினாறு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டாரோ ஒரு விளக்கோ மாட்டலாம். கீழே இருக்கிற மூளை, "ஏழாம் நம்பர், நீ இவ்வளவு திரும்பு. பன்னிரண்டாம் நம்பர், நீ பாதி வெளிச்சத்தில் எரி" என்று இரண்டே ஒயரில் சொல்லிவிடும். மேல்மாடிப் போர்டு அதைப் பார்த்துக்கொள்ளும்.

பதினாறு என்பது எனக்குத் தாராளம். ஆனால் பதினாறு இடம் காலி என்று ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்திடம் சொல்லலாமா? சொல்லித் தொலைத்தேன். கைகளுக்கு எட்டு, கழுத்துக்கு இரண்டு, இமைக்கு ஒன்று என்று பதினொன்றை நான் எடுத்துக்கொண்டேன். மிச்சம் ஐந்துக்குக் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி அடிதடி. அண்ணாச்சி வீட்டம்மாவுக்கு மூக்குத்தி மின்ன வேண்டும். ஒரு பக்கம் போதாது, ரெட்டை மூக்குத்தி. ஜிமிக்கி இரண்டிலும் விளக்கு. அதில் நாலு போயிற்று. அண்ணாச்சியின் தம்பி, வெளிநாடெல்லாம் போய் வந்தவர், நெற்றிச்சுட்டியை எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி வந்து ஒட்டியாணம் எரிய வேண்டும் என்றார்.

"இடம் இல்ல அண்ணாச்சி. அதுக்கு இன்னொரு போர்டு வாங்கி இது மேல ஒரு மாடி ஏத்தணும்."

"ஏத்தலாமா?"

"எத்தன வேணும்னாலும் ஏத்தலாம்."

"அப்ரூவலு ஏதும் வாங்கணுமோ?" என்றார், குரலைத் தாழ்த்தி. தி.நகரில் மாடி கட்டினவரின் அனுபவம் அது. வேண்டாம் என்றேன். இருந்தாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை, ஒட்டியாணம் எரியாமலேயே இருக்கட்டும் என்று போய்விட்டார்.

தம்பி மட்டும் விடவில்லை. செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்குத்தி விளக்கு பட்பட்டென்று துடிக்கிறது, இது டுபாக்கூர் சாமான் என்றார். அந்தப் போர்டு எல்லாச் சானலுக்கும் ஒரே தாளம்தான் போடும், மோட்டாருக்காக மெதுவாகப் போடுகிற தாளத்தில் விளக்கும் அணைந்து அணைந்து எரியும், நம் கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது, கேமராவுக்குத் தெரிந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்கு லேசில் வராது. கேட்டுவிட்டு, "அப்ப வைரம் ஜொலிக்குதுன்னு சொல்லிக்கலாம், இல்லியா?" என்றார். வியாபாரம் ரத்தத்தில் ஓடுகிறவர்களிடம் நாம் என்னத்தைப் பேசுவது?

வணக்கத்தை மட்டும் அக்காவிடமிருந்துதான் எடுத்தேன். நான் கை கூப்பினால் பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி இருக்கிறது. அக்காவைச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து, கை கூப்பச் சொல்லி, கை எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, தலை எப்போது சாய்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மோட்டாருக்கும் கோணம் வைத்தேன். உட்கார்ந்தபடி கும்பிட அவருக்கு வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்துவிடுவார். "நின்னாத்தான் கையி வருது கண்ணு" என்று அவரே சிரித்தார். பொம்மை முதன்முதலாக அவர் மாதிரியே கை கூப்பியபோது, அக்கா பதிலுக்கு அதைக் கும்பிட்டார்.

ஆயுத பூஜை அன்று காலையில் பொம்மையை வாசலில் நிறுத்தினோம். நல்ல நாள், அன்றைக்கே ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பது வீட்டம்மாவின் கட்டளை. ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், அம்சமாக இருந்தது. அதை நிறுத்திவிட்டு, என் சென்டருக்கும் பூஜை போட வேண்டுமே என்று மேலே போனேன். ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் துடைத்து, வரிசையாகப் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை வைத்துக் கும்பிட்டேன். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்ததைக் கேட்டுவிட்டு என்னை நாத்திகச்சி என்று நினைத்துவிடக் கூடாது.

நான் மேலே இருந்த நேரத்தில் கீழே வீட்டம்மா வெள்ளிக் கிண்ணத்தோடு கடை முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். கல்லாப்பெட்டிக்கு, கத்தரிக்கோலுக்கு, கம்ப்யூட்டருக்கு, ஏசிக்கு, லிஃப்ட்டுக்கு. பொம்மைக்கும் நெற்றியில் வைத்தார். அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். முகத்துக்கு வைத்துவிட்டு உயிர் இருக்கிற இடத்துக்கு வைக்காமல் விடலாமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பொம்மையின் முதுகில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தைப் பதினாறு சானலுக்கும், ஒன்றுக்குக்கூடக் குறை வைக்காமல், தனித்தனியாக இட்டு, நடுவில் குங்குமமும் வைத்து, கதவைச் சாத்திவிட்டார். இருபது வருஷமாகச் சர்க்யூட்டில் விழுந்த டீ, மழை, பல்லி எல்லாம் பார்த்திருக்கிறேன். பக்தியை அன்றுதான் பார்த்தேன்.

நான் இறங்கி வரும்போது கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி ஸ்விட்ச் போட்டார். பொம்மை அழகாகக் கையைத் தூக்கியது. பாதி வழியில் மணிக்கட்டு இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பின. "போ, போ" என்று காக்கையை விரட்டுகிற மாதிரி கையை உதறியது. தலை இடதும் வலதுமாக ஆடியது. மூக்குத்தி இரண்டும் ஆத்திரம் வந்த மாதிரி விட்டுவிட்டு எரிந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான்.

முதல் போணிக்கு வந்தவர் அபிராமபுரத்து மாமி ஒருத்தர். வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏண்டா, என்னப் பாத்து போன்னா சொல்றது? நல்ல நாளும் அதுவுமா?" என்று அண்ணாச்சியைக் கேட்டார். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் ஓடிப்போய் முதுகுக் கதவைத் திறந்தேன். உள்ளே போர்டு கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. ஈரச் சந்தனம் ஒரு பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் பாலம் போட்டு, கழுத்துக்குப் போக வேண்டிய சேதி கைக்கும், கைக்குப் போக வேண்டியது மூக்குத்திக்கும் கசிந்துகொண்டிருந்தது. யார் செய்தது என்று கேட்கவே வேண்டாம், வீட்டம்மா பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"ஆஃப் பண்ணுங்க, கழட்டித் துடைக்கணும்" என்றேன்.

"கற்பூரம் காட்டி ஆரம்பிச்சத அணைக்கவா? கடைக்கு ஆவுமா அது?" என்றார் வீட்டம்மா.

"அப்ப ஓடட்டும், ஓடும்போதே துடைக்கறேன். ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வரேன்."

"பூசையில வச்ச ஆயுதத்த இன்னைக்கி தொடப்புடாது, எம்மா. நாளைக்கித்தான் எடுக்கணும். ஒனக்குத் தெரியாததா?" என்றார் அண்ணாச்சி. தெரியும். தெரிந்ததுதான் கோளாறு. அந்தக் கட்டிடத்தில் அன்று பொட்டு வைக்காத இரும்பு என்று தேடினால் என் தாவணிப் பழக்கத்தில் இன்னும் குத்திக்கொள்கிற சேஃப்டி பின் ஒன்றுதான் தேறும். அதை வைத்துக்கொண்டு என்ன கிழிப்பது?

ஆக, பொம்மை நாள் முழுக்க வருகிறவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டே இருந்தது. விரட்டினவர்களைத் திருப்பி அழைக்க அக்கா அதன் பக்கத்தில் நின்றார். முதலில் கடையில் சொல்லிக்கொடுத்த பாஷையில்தான் அழைத்தார். "மன்னிக்கணும், வணக்கம், உள்ளே வாங்க." நேரம் ஆக ஆக, காலும் வலிக்க வலிக்க, சொந்த பாஷை வந்துவிட்டது. "அது கெடக்குது கழுத, நீ உள்ள வா நைனா." பொம்மை போ போ என்று உதறும். "யார்ரா இவ, நான் இட்டாந்தா நீ தொரத்திக்கினு கீற?" என்று அக்கா அதை அதட்டுவார். ஜனம் சிரித்தது. சிரித்தவர்கள் போனை எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எங்கெங்கோ போய், ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அதை எனக்கே அனுப்பி, "உங்க கடைப் பக்கம் தானே?" என்று கேட்டார். எதிர்க்கடை யானை தனக்குத்தானே பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றது.

அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாட்டு நேரமும் இல்லை. கடை மூடியதும் படியில் இரண்டு அடி ஏறினவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்ற முடியாமல் நான்தான் வாரை அறுத்தேன்.

"வலிக்குதா அக்கா?"

"வலி தெர்ல கண்ணு. காலே தெர்ல."

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் போய் ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷ்ஷுமாகச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, ஹேர் டிரையரில் உலர்த்தி, பழையபடி மாட்டினேன். பொம்மை அக்கா மாதிரியே கை கூப்பியது, தலை சாய்த்தது. இனி அக்கா உட்காரலாம் என்று நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை நானே கிழித்து எறிந்தேன். ஜனம் வந்தது, பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனது. சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"எம்மா, நேத்து இருந்த ரிப்பேரு எங்க?"

"சரி பண்ணிட்டேன் அண்ணாச்சி."

"யாரு ஒன்னைய சரி பண்ணச் சொன்னா?"

ரிப்பேரைத் திருப்பிக் கேட்ட கஸ்டமரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நேற்று மாதிரியே விரட்ட வேண்டுமாம், தலை ஆட வேண்டுமாம், மூக்குத்தி கோபப்பட வேண்டுமாம். ஒரு துளி சந்தனம் செய்த வேலையை நான் உட்கார்ந்து பக்கம் பக்கமாக புரோகிராம் எழுத வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்துச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"அவளும் நேத்து மாதிரியே நின்னு மல்லுக்கட்டணும். அதுதான் எடுபடுது."

"உக்காரலாம்னு சொன்னீங்களே அண்ணாச்சி."

"அது பொம்ம ஒழுங்கா வணக்கம் சொன்னா, எம்மா. இப்பந்தான் அது தொரத்துதே. உக்காந்துக்கிட்டு வம்பு இழுத்தா நல்லாவா இருக்கும்?"

பக்கத்தில் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புதுச் செருப்பின் வார் அதற்குள் காலில் இறங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பொம்மையையே தூக்கி ரோட்டில் போட்டிருப்பேன். போட்டால் அக்காவுக்கு என்ன லாபம்? சரி என்று சொல்லிவிட்டு மேலே போனேன். என் கோபம் கத்தித் தீருகிற கோபம். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வேலை செய்தேன்.

அவர் கேட்ட ரிப்பேரை அப்படியே செய்தேன். கூடவே ஒன்று சேர்த்தேன். நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒரு தட்டை ஸ்விட்ச். ஆள் உட்கார்ந்தால் அமுங்கும், எழுந்தால் விடுபடும். அமுங்கியிருக்கும் வரைதான் மூளை மேல்மாடிப் போர்டுக்குச் சேதி சொல்லும். விடுபட்டால் பதினாறும் ஓய்ந்துவிடும். கை தொங்கும், தலை கவிழும், விளக்கு அணையும். ஒயரை நாற்காலிக் கால் வழியாக இழுத்துப் பொம்மையின் பீடத்துக்குள் கொண்டுபோனேன்.

"இது என்னத்துக்கு?" என்றார் அண்ணாச்சி.

"முந்தி ஒழுங்கா வணக்கம் சொல்ற பொம்மைக்கு இது தேவையில்ல. இப்ப கோளாறாவே ஓடுதில்லையா, பக்கத்துல மனுஷ வெயிட்டு ஒண்ணு உக்காந்தே இருக்கணும். இல்லன்னா நின்னுரும்."

"ஒரு அரிசி மூட்டய வச்சிட்டா?"

மூட்டை வைத்தாலும் அந்த ஸ்விட்ச் அமுங்கத்தான் செய்யும். இதை நான் எதிர்பார்த்திருந்தேன். "மூட்டையில உடம்புச் சூடு இருக்குமா அண்ணாச்சி?" என்றேன்.

வெளிநாடு போய் வந்த தம்பி, "ஆமாண்ணே, அங்கல்லாம் சென்சார்தான்" என்று தலையாட்டினார். அந்த வருஷம் நான் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான். தம்பியையே உட்கார வைத்துப் பார்த்தார்கள், பொம்மை விரட்டியது. எழுந்தார், ஓய்ந்தது. காத்திருக்கிற கணவர்களை நம்ப முடியாது, பில் போட்டதும் எழுந்துவிடுவார்கள். அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "அப்ப அவதான் உக்காரணும்" என்றார், ஏதோ அக்காவுக்குத் தண்டனை கொடுக்கிற மாதிரி.

தீபாவளிக் கூட்டம் தொடங்கிய நாள் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நுனியில்தான். முதுகைச் சாய்க்கவில்லை. நான் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் படியேறியது. பொம்மை போ போ என்றது. அக்கா பழக்க தோஷத்தில் சட்டென்று எழுந்து கை கூப்பினார். பொம்மை பொத்தென்று கையைத் தொங்கப் போட்டது.

"உக்காரு!" என்று கல்லாவிலிருந்து ஒரு சத்தம். அண்ணாச்சிதான்.

அக்கா உட்கார்ந்தார். பொம்மை உயிர் பிடித்தது. அடுத்த கூட்டம் வந்தது, மறுபடி எழுந்தார். "ஏட்டி, எந்திரிக்காதங்கேன்லா! உக்காந்து சொல்லு, உக்காந்து சொல்லு" என்று அண்ணாச்சி பில் போடுவதை விட்டுவிட்டு வாசலுக்கே ஓடி வந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அக்காவை உட்காராதே என்று அதட்டிய அதே குரல். அவர் போகும் வரை அக்கா நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்துவிடாமல் இருக்க.

அப்புறம் நாலைந்து பெண்களும் குழந்தைகளுமாக ஒரு பெரிய கூட்டம் வந்தது. அக்கா கைப்பிடியை விட்டார். எழவில்லை. உட்கார்ந்தபடியே கை கூப்பி, "வணக்கம், வாங்க வாங்க" என்று சொல்லிச் சந்தனத்தை நீட்டினார். வந்தவர்கள் பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சந்தனத்தைத் தொட்டு இட்டுக்கொண்டு, "வணக்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்தர் முகமும் கோணவில்லை. மரியாதை குறைந்துவிட்டது என்று ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை. அக்கா உட்கார்ந்திருக்கிறார் என்பதையே யாரும் கவனிக்கவில்லை.

அக்கா அவர்கள் போன திசையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இவ்ளோதானா கண்ணு?" என்றார். "இத்துக்கா இத்தினி வருசம் நின்னேன்?"